பதினொரு வரி வணக்கமும் ஒக்கலிபுரம் வாசலும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர், வெள்ளி விழா நாயகர், ஊரெல்லாம் கரண்ட் போனாலும் தான் மட்டும் அணையாத ஆஸ்டின் டவுன் விளக்கு, அண்ணன் இராஜமாணிக்கம் அவர்களே! சங்கத்தின் பெட்டிச் சாவியையும் எங்கள் பெருமூச்சுகளையும் ஒருங்கே காத்துவரும் பொருளாளர், ஐயா சீனிவாசராகவன் அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட முன்வரிசைப் பெரியவர்களே! ஒரு கையால் பிள்ளைகளையும் மறு கையால் சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! போண்டா எந்தக் கதவு வழியாக வரும் என்று ஆராய்ந்துகொண்டிருக்கும் இளஞ்சிங்கங்களே! என் குரலை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துப் பிரஷர் குக்கரை ஒலிபரப்பும் மைக்செட்காரரே! உங்கள் அனைவருக்கும் இந்த ஃபிராங்க்ளினின் வணக்கம், முழங்கால் அனுமதிக்கும் அளவுக்குக் குனிந்து.

இன்று நான் ஒரு கதை சொல்லப் போகிறேன். அதை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. இந்த மைக்கின் மீது கை வைத்து உறுதி கூறுகிறேன். ஷாக் அடிக்கிறது, இருந்தாலும் உறுதி கூறுகிறேன்.

அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள். என் பெயருக்கு எதிரே 'வலைப்பூ எழுதுவோர்க்கான எளிய தேடல் பழக்கங்கள்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கடுத்த வரி என்ன? 'நமது சங்க வலைப்பூவை மூடும் தீர்மானம், முன்மொழிபவர்: பொருளாளர்.' அதற்கும் அடுத்த வரி? 'போண்டா, காபி.' ஒரு வலைப்பூவின் இறுதிச் சடங்குக்கும் போண்டாவின் எழுச்சிக்கும் முன்னால் நிற்க வைக்கப்பட்டவன் நான். இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பேச்சாளன் நின்றிருப்பான்? நின்றவன் எவன் உயிரோடு திரும்பியிருப்பான்?

அந்த வலைப்பூ யாருடையது என்று தெரியாத புதியவர்களுக்குச் சொல்கிறேன். இதோ, தூணுக்குப் பின்னால் தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, பெர்னதெத் டீச்சர், அவருடையது. முப்பத்தோராண்டு பூகோளம் கற்பித்தவர். ஓய்வு பெற்றதும் சங்கத்துக்கு ஒரு வலைப்பூ தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லத் தொடங்கினார். கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது, வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியை இரண்டு தடவை படிப்பது, பஸ் பலகையில் இருக்கும் கன்னட எழுத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று நூற்று அறுபத்து மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், நடந்து, கேட்டு, திட்டு வாங்கி எழுதியவை. தேன் போன்ற கட்டுரைகள்.

ஆனால் அந்தத் தேனை எந்தப் பாட்டிலில் அடைத்தோம்? விளக்கெண்ணெய் பாட்டிலில் அடைத்தோம். அடைத்தவர்கள் நாங்கள், கமிட்டி.

டீச்சர் கேஸ் இணைப்பைப் பற்றி எழுதினார். நாங்கள் வைத்த தலைப்பு என்ன? 'கனலும் கடமையும் காலத்தின் கட்டளையும்: பகுதி முப்பத்தொன்று.' வீட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி என்று எழுதினார். 'நம்பிக்கை நதியின் நடுவே ஒரு நாணல்' என்று பெயர் சூட்டினோம். ரயில் நிலையத்திலிருந்து பஸ் பிடிப்பதற்கு 'பாதைகள் முடிவதில்லை: பகுதி நாற்பத்தேழு'. ஐயா, முன்பணத்தைப் பறிகொடுத்தவன் போனை எடுத்து 'நாணல்' என்றா தட்டுவான்? சிலிண்டர் தீர்ந்த வீட்டில், அடுப்பில் பாதி வெந்த சோற்றை வைத்துக்கொண்டு, 'கடமை' என்றா தேடுவார்கள்? கமிட்டித் தம்பி டெஸ்மண்ட், சிரிக்காதே. 'நாணல்' உன் யோசனை.

அதோடு விட்டோமா? நம் சங்கத்துக்கு ஒரு விதி இருக்கிறது. ஏழாம் விதி. சங்கத்தின் பெயரால் வெளிவரும் எந்த எழுத்தும், அது தண்ணீர் லாரி வருகிற நேரத்தைச் சொல்லும் துண்டுச் சீட்டாக இருந்தாலும், தலைவர் முதலாக அனைவரையும் மூப்பு வரிசைப்படி விளித்த பிறகே தொடங்க வேண்டும். மேடைக்கு எழுதிய விதி. அதைத் தூக்கி வலைப்பூவின் தலையில் வைத்தோம். நூற்று அறுபத்து மூன்று கட்டுரைகளுக்கும் மேலே, கட்டுரைக்குப் பதினொரு வரி வணக்கம்!

இணையத்தில் தேடுபொறி என்றொரு பெருமகனார் இருக்கிறார். உலகத்தின் பக்கங்களையெல்லாம் படித்துவரச் சொல்லிச் சிலந்திகளை அனுப்புவார். அப்படி ஒரு சிலந்தி ஆஸ்டின் டவுனுக்கு வந்தது. முதல் வரியில் கை கூப்பியது. மூன்றாம் வரியில் எட்டுக் கால்களும் மரத்துப்போயின. ஏழாம் வரியில் அதற்குக் கல்யாணமாயிற்று. ஒன்பதாம் வரியில் பேரன் பிறந்தான். பதினோராம் வரியில் பணி ஓய்வு பெற்று, ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக்கொண்டே தலைமையகத்துக்குக் கடைசி அறிக்கையை அனுப்பியது: 'இந்தத் தளம் தலைவர்களைப் பற்றியது. கேஸ் பற்றி ஏதும் தென்படவில்லை.'

முடிவு என்ன? ஒரு வருடம் முழுக்கத் தேடலின் வழியாக வந்தவர் ஒரே ஒருவர். அவர் தேடியது பொன்னாடை, மொத்த விலையில். வணக்க வரிகளில் 'பொன்னாடை போர்த்தப்பெற்ற' என்று நான்கு இடத்தில் இருப்பதை நம்பி வந்தார். மூன்று விநாடியில் ஓடிவிட்டார்.

சென்ற ஆண்டுவிழா முடிந்த மறுவாரம் கமிட்டி கூடியது. பொருளாளர் ஐயா எழுந்தார். அவர் கோபக்காரர் அல்ல, கணக்காகப் பேசுகிறவர். அது அதைவிடக் கொடுமை.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இதைப் படிக்கிறது பன்னிரண்டு பேரு. அதுல பதினொண்ணு இந்தக் கமிட்டி. பன்னிரண்டாவது நீங்களே" என்றார்.

டீச்சர் வாதாடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். "ஒரு வருஷம் குடுங்க சார். யாராச்சும் ஒருத்தர் தேடி வரலைன்னா நானே மூடிடறேன்" என்றார்.

"வந்துட்டு ஓடற பொன்னாடைக்காரர் கணக்குல வராது" என்றார் ஐயா. "முன்னபின்ன நமக்குத் தெரியாத ஒரு ஆள், தேடிப் படிச்சு, அதால பிரயோஜனப்பட்டு, அடுத்த ஆண்டுவிழாவுல இந்த ஹால்ல வந்து உக்காரணும். ஒரே ஒரு ஆள் போதும்."

அதுதான் நிபந்தனை. அந்த அடுத்த ஆண்டுவிழாதான் இன்று நீங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த விழா.

உதவிக்கு யாரிடம் போவது? அடுகோடியில் குடியிருக்கும் பாலகுமாரிடம் போனோம். கணினிக் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் தர்மபுரி. பகலெல்லாம் ஆங்கிலம், காய்கறிக் கடையில் கன்னடம், பசி வந்தால் மட்டும் தமிழ். வலைப்பூவைத் திறந்து பார்த்தார், மேலே தள்ளினார், தள்ளினார், கட்டை விரல் வலிக்கத் தள்ளினார். "அங்கிள், வர்றவங்க கேட்ட கேள்விக்கு முதல் ரெண்டு வரியிலயே பதில் இருக்கணும். இங்க முதல் பதினொரு வரியும் வணக்கம்தான் இருக்கு. யாருக்கு அங்கிள் வணக்கம்? வாசல்லயே ஆள் இல்லையே" என்றார்.

அந்த வாசகத்தைத் தலைவரிடம் எடுத்துச் செல்லும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. புலியிடம் போய் மீசையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லும் வேலை. அண்ணன் பொறுமையாகக் கேட்டார். தேடுபொறி, சிலந்தி, முதல் வரி, எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"எல்லாம் சரி ஃபிராங்க்ளின். என் பேரு எங்க போகும்?"

"கீழ போகும், அண்ணே."

"எவ்வளவு கீழ?"

அப்போது ஆஸ்டின் டவுனே நின்றுபோயிற்று. காக்கைகள் நின்ற இடத்தில் நின்றன. பால் பொங்கப் பார்த்து, வேண்டாமென்று அடங்கியது. அந்த நேரத்தில் பெர்னதெத் டீச்சர் தன் போனை எடுத்தார். நம் சங்கத்தின் பெயரையே தேடலில் தட்டி, வந்த முடிவை அண்ணனிடம் நீட்டினார். முடிவின் கீழே அறிமுகமாக இரண்டு வரி காட்டுவார்களல்லவா, அதில் இருந்தது இவ்வளவுதான்: 'பெருமதிப்பிற்குரிய தலைவர், வெள்ளி விழா நாயகர், ஆஸ்டின் டவுனின் அணையா விளக்கு, பொன்னாடை போர்த்தப்பெற்ற…' பிறகு மூன்று புள்ளி.

அண்ணன் போனைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "இதுல என் பேரே இல்லையே" என்றார்.

"பட்டம் முடியறதுக்குள்ள இடம் முடிஞ்சிருச்சு சார்" என்றார் டீச்சர். "நூத்தி அறுபத்து மூணு கட்டுரையிலயும் இதே கதைதான். கீழ போட்டா முழுசா நிக்கும்."

"கீழ எவ்வளவு இடம் இருக்கு?"

"எல்லையே இல்லை சார்."

ஏழாம் விதி அன்று மாலையே திருத்தப்பட்டது. வணக்கம் வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் அவர்களே, முறைக்காதீர்கள். வரலாற்றில் பதவியை விட்டவர்கள் உண்டு, பட்டத்தை விட்டவர்கள் உண்டு. பக்கத்தின் உச்சியை விட்டுக்கொடுத்த ஒரே தலைவர் நீங்கள்தான். கை தட்டுங்கள். இன்னும் பலமாக. முன்வரிசையில் இருவர் தூங்குகிறார்கள்.

இனி டீச்சர் செய்ததைக் கேளுங்கள். ஒரு சனிக்கிழமை காலை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ரயில் நிலையத்தின் ஒக்கலிபுரம் பக்க வாசலில் போய் நின்றார். நான்கு மணி நேரம் நின்றார். ஊருக்குப் புதியவர்கள் பலர், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருக்கும் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கம் இறங்கிவிட்டு முழிக்கும் இடம் அது. டீச்சர் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. ஜனங்கள் ஆட்டோக்காரரிடமும் டீக்கடையிலும் என்ன கேட்கிறார்களோ, அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டார். 'மேற்கு நுழைவாயில்' என்று கேட்டவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. 'பாதைகள் முடிவதில்லையா' என்று கேட்டவர்? ஒரு குடிகாரர்கூட இல்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "பின்னாடி இறங்கிட்டேங்க. மெஜஸ்டிக் எந்தப் பக்கம்?"

நோட்டில் இருந்தது தலைப்பாயிற்று. 'ரயில்வே ஸ்டேஷன் பின்னாடி இறங்கிட்டீங்களா? மெஜஸ்டிக், அடுகோடி போக வழி.' அலங்காரம் இல்லை, அடுக்குமொழி இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்காக அதே கேள்வியை அந்த எழுத்திலும் ஓரிடத்தில் எழுதி வைத்தார். அடுத்த வரியிலேயே பதில்: வெளியே எந்த வண்டியிலும் ஏறாதீர்கள், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே திரும்புங்கள், நடைபாலம் ஏறி ஒன்றாம் பிளாட்பாரம் பக்கம் இறங்குங்கள், எதிரே மெஜஸ்டிக், ஓசூர் ரோடு போகும் பஸ்ஸில் அடுகோடி கேட்டு ஏறுங்கள். அதன் கீழே, 'சென்ற வாரம் நடந்து பார்த்தது' என்று தேதியோடு ஒரு வரி. மாதாமாதம் போய் நடந்து அந்தத் தேதியை மாற்றினார். நடக்காத மாதத்தில் மாற்றவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை, தோழர்களே. உதவினேன். நான் உதவிய ஒரு வாரத்தில் வலைப்பூ கிட்டத்தட்டச் செத்தது. 'ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் தேடுபொறி மயங்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த ஒரு பக்கத்துக்குள் 'பெங்களூர்' என்ற சொல்லை இருநூற்றுப் பதினான்கு முறை நுழைத்தேன். 'பெங்களூரில் பெங்களூர் வந்து பெங்களூர் பஸ் ஏறும் பெங்களூர் மக்களே.' படித்துப் பார்த்த டீச்சர், "ஃபிராங்க்ளின், இது வழி சொல்ற மாதிரி இல்ல, பேய் ஓட்டற மாதிரி இருக்கு" என்றார். மேலே சுழலும் குத்துவிளக்கு ஒன்றும், திறந்தவுடன் முழங்கும் நாதஸ்வரம் ஒன்றும் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் திறப்பதற்குள் பாலகுமார் குளித்துச் சாப்பிட்டு ஆபீசுக்குப் போய் அப்ரைசலும் முடித்துத் திரும்பிவிட்டார்.

அத்தனையையும் டீச்சர் ஒரே மதியத்தில் களைந்தார். விளக்கு போயிற்று, நாதஸ்வரம் போயிற்று, இருநூற்றுப் பத்துப் பெங்களூர்கள் போயின. என் போனிலிருந்து பெயரில்லாமல் வெறும் எண்ணோடு வந்த படங்களுக்கு, ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறதோ அதையே பெயராக எழுதினார்: 'ஒக்கலிபுரம் பக்க வாசல், டீக்கடை எதிரே நடைபாலப் படி.' படங்களைச் சிறிதாக்கினார். வழி சொல்லும் பக்கத்திலிருந்து வாடகை வீட்டுப் பக்கத்துக்கும், அங்கிருந்து கேஸ் பக்கத்துக்கும் இணைப்புக் கொடுத்தார். ஊருக்கு வந்தவருக்கு அடுத்து என்ன தேவையோ, அந்த வரிசையில்.

பிறகு? பிறகு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. முதல் மாதம் யாரும் வரவில்லை. இரண்டாம் மாதம் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாம் மாதம் நாற்பது. வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். தேடுபொறிக்கு எந்த எம்.எல்.ஏ.வின் சிபாரிசுக் கடிதமும் செல்லாது. வருகிற நாற்பது பேரில் ஒருவருக்காவது நம் ஹால் வரை வரத் தோன்ற வேண்டாமா? டீச்சர் கேட்கவில்லை. நடந்தார், தேதி மாற்றினார், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் மட்டும் என்னிடம், "மூடறதுன்னா இதையெல்லாம் எங்கயாச்சும் எடுத்து வைக்க முடியுமா?" என்று கேட்டார். நான் ஏதோ ஜோக் அடித்தேன். அது நல்ல ஜோக் அல்ல.

இப்போது கதையின் உச்சம். கடந்த மாதத்தில் ஒருநாள் காலை. வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண்மணி ரயிலேறினார். பெயர் ஜெயலட்சுமி, வயது நாற்பத்தெட்டு. இருபது வருடம் பள்ளி விடுதிச் சமையல்கூடத்தை நடத்திய கை. அடுகோடியில் ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீனுக்கு மேற்பார்வையாளர் வேலை, நேர்காணல் பத்தரைக்கு. இந்த ஊருக்கு முதல் தடவை. ரயில் தாமதம். தாமதமென்றால் சாதாரணத் தாமதமா? வழியில் ஓர் ஆமை ரயிலை முந்திச் சென்று கையசைத்தது. இறங்கினார், கூட்டம் தள்ளியது, ஒக்கலிபுரம் வாசலில் வந்து விழுந்தார். மணி ஒன்பது பத்து. போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.

எண்ணூறு ஆட்டோக்கள் சூழ்ந்தன. "எல்லி ஹோகபேகு மேடம்? பன்னி, பன்னி!" என்று, எங்கே போகணும், வாங்க வாங்க என்று கன்னடத்தில் எண்ணூறு குரல். அடுகோடி என்றதும், கேட்ட தொகையில் ஆட்டோவையே பாதி வாங்கியிருக்கலாம். அந்த அம்மா ஓரமாக நின்று, இரண்டு விரலால், ஆங்கில எழுத்தில் தட்டினார்: ஸ்டேஷன் பின்னாடி இறங்கிட்டேன் அடுகோடி எப்படிப் போறது.

விளக்கு சுழலவில்லை. நாதஸ்வரம் முழங்கவில்லை. பதினொரு வரி வணக்கம் குறுக்கே நிற்கவில்லை. பக்கம் சட்டென்று திறந்தது. இரண்டாம் வரியில் வழி இருந்தது. படத்தில் இருந்த டீக்கடை கண்ணெதிரே இருந்தது. திரும்பினார். நடைபாலத்தை ஒரே தாவலில் தாவினார். அவர் தாவிய வேகத்தில் மூன்று ரயில்கள் திசை மாறின. மெஜஸ்டிக்கில் பஸ்ஸைப் பிடித்தார் என்று சொல்வது பிழை, பஸ்தான் இவரைப் பிடித்துக்கொண்டது. பத்து இருபத்திரண்டுக்கு அடுகோடி!

கேன்டீனில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம். போனைச் சார்ஜில் போட்டார். வேறு வேலை இல்லாததால் அந்தப் பக்கத்தை அடி வரை படித்தார்.

இப்போது சொல்லுங்கள், வலைப்பூ எழுதும் என் இனிய மக்களே! எவரும் தேடாத தலைப்பை எவருக்காக வைக்கிறோம்? ஓட்டமாய் ஓடி வருகிறவனை வாசலில் நிறுத்தி நம் வம்சவரலாறு சொல்வது என்ன வரவேற்பு? பெயரில்லாத படம் யாருக்கு அடையாளம் காட்டும்? போன வருடத்து வழியை இந்த வருடம் சொல்வது உதவியா, உபத்திரவமா? தேடுகிறவர் என்றால் யார்? கையில் ஒன்பது சதவீதம் சார்ஜோடு, தெரியாத வாசலில், பத்தரை மணிக்குள் போயாக வேண்டிய ஒரு மனிதர். அவர் பேசும் பேச்சில் தலைப்பு வையுங்கள்! அவர் மூச்சு வாங்குவதற்குள் பதில் சொல்லுங்கள்! சொன்னது சரிதானா என்று மறுபடி நடந்து பாருங்கள்! சிலந்தியை ஏமாற்ற நினைக்காதீர்கள், அது உங்கள் வாசகருக்கு முன்னால் வரும் தூதுவர். வாசகருக்கு வழி விட்டால் அதற்கும் வழி கிடைக்கும். புகழுரை வேண்டுமா? கீழே போடுங்கள். கீழே எல்லையே இல்லை!

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பொறுமை இழந்தும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், பிரஷர் குக்கரை மீறி என்னைக் கேட்கச் செய்த மைக்செட்காரருக்கும், இத்தனையையும் மேடையில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்ட தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. போண்டா வாசனை வருகிறது, முடித்துவிடுகிறேன்.

தொடங்கும்போது, நம்ப மாட்டீர்கள் என்றேன். நம்பவும் வேண்டாம். சிலந்திக்குப் பேரன் பிறக்கவில்லை. ஆமை கையசைக்கவில்லை. ஆட்டோக்கள் எண்ணூறு இல்லை, மூன்று. பத்து இருபத்திரண்டும் பொய், அந்த அம்மா போய்ச் சேர்ந்தது பத்து முப்பத்தைந்துக்கு. சின்னதாய் ஒரு பகுதி மட்டும் உண்மை.

இன்று மாலை, விளக்கேற்றுவதற்கு முன், ஒருவர் இந்த ஹால் வாசலில் வந்து நின்றார். கையில் கேன்டீன் அடையாள அட்டை. பக்கத்தின் அடியில், வணக்க வரிகளுக்கும் கீழே, இந்த விழாவின் தேதியும் முகவரியும் போட்டிருந்ததாம். என்னைப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளி விழா நாயகர்னு போட்டிருந்துச்சே, அவரு யாருங்க? வழி சொன்ன டீச்சரம்மா எங்க?"

அந்த அம்மாதான், மூன்றாம் வரிசை, பச்சைப் புடவை. டீச்சர், தூணை விட்டு வெளியே வாருங்கள். ஐயா சீனிவாசராகவன் அவர்களே, எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று.

எல்லோருக்கும் வணக்கம்.